பெட்டியில் வந்த பெப்டைடும் விலையில்லா மாத்திரையும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் பெரியப்பாவின் மகன் வசிக்கிறார். பன்னிரண்டு வயதில் குழித்தறியில் இறங்கியவர். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நெய்துவிட்டு, முழங்கால் இனி ஒத்துழைக்காது என்றான பிறகே தறியை மகனிடம் விட்டார். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் நெடுநாளாக அவருக்கு உண்டு. சிறுநீரில் புரதம் கசிகிறது, இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு சற்று ஏறியிருக்கிறது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அரசு மருத்துவர் சொல்லி, கூடுதலாக ஒரு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார்.

சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். பளபளப்பான அட்டை, ரஷ்ய எழுத்துகள், ஒரு பக்கம் சிறுநீரகத்தின் படம். இணையவழியில் தருவித்ததாம். ஒரு மாதத்துக்கான பெட்டியின் விலை, அவருடைய மகன் ஒரு சேலை நெய்து பெறும் கூலிக்கு ஏறக்குறைய சமம்.

“பழைய மாத்திரையை நிறுத்திவிட்டேன் தம்பி. இது பெப்டைடாம். நேராகச் சிறுநீரகத்துக்கே போய் அதைப் புதுப்பிக்குமாம். வேதியியல் பாடம் நடத்தியவன் நீ, சொல், சரிதானே?” என்றார்.

பெட்டியைவிட அவர் நிறுத்திவிட்ட மாத்திரைதான் என்னைக் கவலைகொள்ள வைத்தது. அது ஏன் என்பதை விளக்க, பெப்டைடு என்றால் என்ன என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். காஞ்சிபுரத்துக்காரருக்கு அதைச் சொல்வது எளிது.

சாயம் ஏற்றுவதற்கு முன்பு பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் போட்டு எடுப்பதை இந்த ஊரில் எல்லாரும் பார்த்திருப்போம். முரட்டுத்தனமாக இருந்த நூல், எடை குறைந்து, மெத்தென்று, மினுக்கத்துடன் வெளியே வரும். புழு தன் கூட்டை ஒட்டுவதற்காகச் சுரந்த செரிசின் என்ற பசைப் புரதம் கரைந்துபோய், ஃபைப்ராயின் என்ற இழைப் புரதம் மட்டும் எஞ்சுகிறது. அந்தப் பசை நூலின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு. எஞ்சும் ஃபைப்ராயினை மேலும் பிரித்துப் பார்த்தால், கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின் என்று ஆறு மணிகள் கோத்த வரிசை திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அந்த மணிகளே அமினோ அமிலங்கள். உயிர்கள் புரதம் செய்யப் பயன்படுத்துபவை பெரும்பாலும் இருபது வகைதான். சில மணிகள் மட்டும் கோத்த சிறு சரம் பெப்டைடு. நூற்றுக்கணக்கில் கோத்து மடித்த நெடுஞ்சரம் புரதம்.

இந்தச் சரம் எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும், எவற்றில் முடியாது என்பதை 1963-இல் வரைந்து காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என்.ராமச்சந்திரனும் அவருடன் இருந்த ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும்தான். உலகெங்கும் புரத அமைப்பைக் கண்டறியும் ஆய்வாளர்கள் இன்றும் தங்கள் முடிவைச் சரிபார்ப்பது ‘ராமச்சந்திரன் வரைபடம்’ கொண்டுதான். பெப்டைடு என்பது எங்கோ ரஷ்யாவிலிருந்து வந்திறங்கிய மாயச் சொல் அன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பெப்டைடுகள் உடலின் தகவல் மொழி என்பதும் உண்மையே. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் வாசோபிரசின் என்பது ஒன்பது அமினோ அமிலங்களே கொண்ட சிறு சரம். தண்ணீரை வெளியேற்றாமல் சேமித்து வை என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுவது அதுதான். அதே அளவுள்ள ஆக்சிடோசின், மகப்பேற்றின்போது கருப்பையைச் சுருங்க வைக்கிறது. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆக, ‘சிறு பெப்டைடு ஓர் உறுப்பின் வேலையை மாற்றும்’ என்று விற்பனையாளர் சொல்லும் முதல் வாக்கியத்தில் பிழையில்லை. இரண்டாம் வாக்கியத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அந்த இரண்டாம் வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1970-களில் லெனின்கிராடு இராணுவ மருத்துவக் கழகத்தில் விளாதிமிர் கவின்சன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் கன்றுகளின் தைமஸ் சுரப்பி, பீனியல் சுரப்பி போன்ற உறுப்புகளிலிருந்து சிறு பெப்டைடுகளின் கலவையைப் பிரித்தெடுத்தார்கள். ஓர் உறுப்பிலிருந்து எடுத்த கலவை, செலுத்தப்பட்ட உடலில் அதே உறுப்பின் செயலைச் சீராக்குகிறது என்பது அவர்களின் கருத்து. தைமஸிலிருந்து எடுத்த தைமலின் சோவியத் ஒன்றியத்தில் மருந்தாகவே பதிவுபெற்றது. பின்னர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இதற்கெனத் தனி ஆய்வு நிறுவனமும் எழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட செயற்கைப் பெப்டைடுகளையும் அவர்கள் உருவாக்கினார்கள். இவை செல்லின் கருவுக்குள் சென்று மரபணுக்களைத் தூண்டுகின்றன என்பது அவர்களது விளக்கம். கவின்சன் 2024-இல் காலமானார். பெப்டைடு பயோரெகுலேட்டர் என்ற பெயரில் ஈரலுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று என்று இன்று விற்கப்படும் குப்பிகளின் மூலம் இதுதான்.

உறுப்புக்கு உறுப்பு என்ற எண்ணம் நமக்கும் புதிதன்று. இரத்தம் ஊற ஆட்டின் சுவரொட்டியும், எலும்புக்கு ஆட்டுக்கால் சூப்பும் கொடுத்து வளர்த்த ஊர் நம்முடையது. சுவரொட்டியில் இரும்புச்சத்து மிகுதி என்பதால் அந்தப் பழக்கத்தில் ஓரளவு பொருளும் இருக்கிறது; ஆனால் அந்த இரும்பு, மண்ணீரலைத் தேடிப் போவதில்லை. ஐரோப்பாவில் 1889-இல், எழுபது வயதைக் கடந்த புகழ்பெற்ற உடலியல் அறிஞர் பிரவுன்-செக்கார், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிவித்தார். அது அவருடைய நம்பிக்கையின் விளைவே என்று இன்று கருதுகிறோம். ஆனால் இரண்டே ஆண்டுகளில், இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர் ஆட்டின் தைராய்டு சாற்றைக் கொடுத்து, தைராய்டு குறைபாட்டால் நலிந்திருந்த பெண்மணி ஒருவரை மீட்டெடுத்தார். அது உண்மையாகவே வேலை செய்தது. எனவே உறுப்புச் சாறு என்றாலே பித்தலாட்டம் என்று ஒதுக்கவும் முடியாது. உறுப்புச் சாறு என்பதற்காகவே நம்பவும் முடியாது.

தைராய்டு சாற்றை வாய்வழி கொடுத்தாலும் பலன் தந்தது, இன்சுலினை ஊசியாகத்தான் போட வேண்டியிருக்கிறது, ஏன்? தைராய்டு ஹார்மோன் மிகச் சிறிய மூலக்கூறு, குடலில் சிதையாமல் தப்பிவிடும். இன்சுலின் சரமோ வயிற்றுக்குள் போனால் நொதிகள் அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அண்மையில் பெரிதாகப் பேசப்படும் செமாக்ளூடைடு என்ற சர்க்கரை நோய் மருந்தும் ஒரு பெப்டைடுதான். அதை மாத்திரையாக்குவதற்கு, இரைப்பைச் சுவரில் நுழைய உதவும் தனி வேதிப்பொருள் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு செய்தும் விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தை எட்டுவது அரிது.

இதற்குப் பயோரெகுலேட்டர் ஆதரவாளர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்; அதை மறைப்பது நேர்மையாகாது. இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட மிகச் சிறு சரங்கள் குடலில் அப்படியே உறிஞ்சப்படுகின்றன என்கிறார்கள். உண்மைதான், அதற்கென்றே குடல்சுவரில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலே அவர்களை வேறொரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இருபது வகை மணிகளைக் கொண்டு இரண்டு மணிச் சரங்கள் கோத்தால் 400 வகைகள்தான் கிடைக்கும். மூன்று மணி என்றால் 8,000. பருப்பு, உளுந்து, பால், முட்டை என்று நாம் உண்ணும் எந்தப் புரதத்தை எடுத்தாலும், அதில் பல நூறு மணிகள் கோத்திருப்பதால், இந்தச் சின்னஞ்சிறு சரங்கள் அதனுள் ஏராளமாக இருக்கும். இவர்களின் புகழ்பெற்ற பெப்டைடுகளுள் ஒன்றான விலோன் என்பது லைசினும் குளுட்டாமிக் அமிலமும் சேர்ந்த இரட்டை மணி. அதே இரட்டை நம் சாம்பாரிலும் உண்டு. ஒரு குறிப்பிட்ட உறுப்பின் மரபணுவைத் திறக்கும் சாவி அது என்றால், ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் அந்தப் பூட்டு திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு நிறைவான விடை எதையும் நான் இதுவரை படிக்கவில்லை.

விடை தெரியாவிட்டாலும் மருந்து வேலை செய்யக்கூடும். ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று அறிவதற்குப் பல்லாண்டுகள் முன்பே அது தலைவலியைப் போக்கியது. எனவே விளக்கத்தை விட்டுவிட்டுச் சான்றைப் பார்ப்போம். 2003-இல் கவின்சனும் அவருடைய சகா மோரோசோவும் வெளியிட்ட ஆய்வே இத்துறையில் அதிகம் சுட்டப்படுவது. முதியோர் 266 பேரை ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை கண்காணித்ததில், தைமஸ், பீனியல் பெப்டைடுகள் பெற்றவர்களிடையே இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்கிறது அது. உண்மையானால் மருத்துவ வரலாற்றின் மிகப் பெரிய செய்திகளுள் ஒன்று. ஆனால் அந்த 266 பேரும் பல சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டவர்கள். அப்படிச் சிறு குழுவில் நான்கைந்து மரணங்கள் கூடினாலோ குறைந்தாலோ கணக்கு தலைகீழாகும். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. தொடர்பில்லாத வேறு நாட்டு ஆய்வாளர்கள், ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு, யாருக்கு மருந்து, யாருக்கு மருந்துப்போலி என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத முறையில் நடத்திப் பார்த்து, இம்முடிவை உறுதிசெய்ததில்லை. இத்துறைக் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே வட்டத்திலிருந்து வருபவை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அந்த ஆய்வில் கொடுக்கப்பட்டவை ஊசிகள். அண்ணன் விழுங்குவது குப்பிமருந்து. அங்கே சோதிக்கப்பட்டவை தைமஸ், பீனியல் சாறுகள். இங்கே இருப்பது சிறுநீரகச் சாறு. ஒன்றின் சான்றை மற்றொன்றின் அட்டைப்பெட்டியில் ஒட்டி விற்கிறார்கள். பவர்லூம் சேலையின் மீது கைத்தறி முத்திரையை ஒட்டுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

சிறுநீரகத்தைப் ‘புதுப்பிக்கும்’ என்ற சொல்லையும் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து இலட்சம் அளவில் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. அவை அனைத்தும் நாம் தாயின் கருவறையில் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடுபவை. பிறந்த பின் புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. இழந்த வடிகட்டி இழந்ததுதான். மீதமிருப்பதைக் காப்பாற்றுவதே மருத்துவம் செய்யக்கூடியது.

அந்தக் காப்பாற்றும் வேலையைத்தான் அண்ணன் நிறுத்திவிட்ட மாத்திரை செய்துவந்தது. அதன் பெயர் எனலாப்ரில். அரசு மருத்துவமனையில் விலையில்லாமல் தருவது; வெளியே வாங்கினாலும் மலிவானது. அதைப் பற்றி அவர் அறியாத செய்தி ஒன்று உண்டு: அந்த மாத்திரையும் பெப்டைடு ஆய்வின் பிள்ளைதான்.

பிரேசில் நாட்டில் ஜராராகா என்றொரு விரியன் பாம்பு. அது கடித்தவர்களின் இரத்த அழுத்தம் சடாரென்று விழும். செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற பிரேசில் ஆய்வாளர் 1960-களில் அந்த நஞ்சை ஆராய்ந்து, அதிலிருந்த சிறு பெப்டைடுகளே உடலில் அழுத்தத்தைக் குறைக்கும் பொருளின் செயலை வலுப்படுத்துகின்றன என்று கண்டார். அதை அவர் இலண்டனில் ஜான் வேனின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். நம் உடலில் ஆஞ்சியோடென்சின் என்ற எட்டு மணிப் பெப்டைடு இரத்தக் குழாய்களை இறுக்குவது. அதை ஆக்கித் தரும் நொதியை நஞ்சுப் பெப்டைடுகள் முடக்குவது அங்கே தெரியவந்தது. அவற்றுள் ஒன்பது மணி கொண்ட டெப்ரோடைடு மனிதர்களிடமும் அழுத்தத்தைக் குறைத்தது. ஆனால் ஊசியாகப் போட்டால் மட்டுமே. விழுங்கினால் பலனில்லை.

இந்த இடத்தில் ஸ்குவிப் நிறுவனத்தின் ஆய்வாளர்களான டேவிட் குஷ்மனும் மிகுவேல் ஒண்டெட்டியும் பெப்டைடையே அழகிய பெட்டியில் அடைத்து விற்கப் போகவில்லை. நொதியோடு பொருந்துவது சரத்தின் எந்த முனை என்று தேடி, அந்த முனையை மட்டும் போலச் செய்த, வயிற்றில் சிதையாத சிறு மூலக்கூறு ஒன்றை உருவாக்கினார்கள். அதுவே கேப்டோப்ரில்; 1981-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனலாப்ரில் அதன் தம்பி.

சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயை ஆஞ்சியோடென்சின் இறுக்குகிறது. வெளிவழி சுருங்கினால் வடிகட்டிக்குள் அழுத்தம் கூடும், சர்க்கரையால் ஏற்கெனவே நைந்துபோன சல்லடை மேலும் கிழியும், புரதம் கசியும். மாத்திரை அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. விளக்கம் அழகாக இருக்கிறது என்பதற்காக இதை யாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. முதல் வகைச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்கள் 409 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குக் கேப்டோப்ரிலும் மறு சாராருக்கு மருந்துப்போலியும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1993-இல் வெளியானது. மரணம், டயாலிசிஸ், சிறுநீரக மாற்று என்ற நிலைகளை எட்டும் வாய்ப்பு மருந்து பெற்றவர்களிடம் பாதியாகக் குறைந்திருந்தது. பின்னர் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம், இதே ஆஞ்சியோடென்சினை வேறு வழியில் தடுக்கும் மருந்துகளைக் கொண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. அவற்றின் முடிவும் அதே திசையில்தான் இருந்தது.

இந்த மாத்திரைக்கும் குறைகள் உண்டு. சிலருக்கு வறட்டு இருமல் வரும், பொட்டாசியம் ஏறலாம், தொடங்கிய சில வாரங்களில் இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும், கருவுற்றவர்களுக்குக் கூடாது. இந்தக் குறைகளெல்லாம் நமக்குத் தெரிகிறது என்பதே ஒரு சான்றுதான். அண்ணனின் பெட்டியில் பக்கவிளைவு என்ற தலைப்பே இல்லை.

இதில் ரஷ்யாவை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. பட்டுப்புழுவின் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த செரேஷியோபெப்டிடேஸ் என்ற நொதி, வீக்கத்துக்கு என்று நம் மருந்துக்கடைகளில் பல்லாண்டுகளாக விற்கப்படுகிறது. பல் பிடுங்கிய பிறகு அதை விழுங்காதவர் குறைவு. அதை முதலில் விற்ற ஜப்பான் நிறுவனமே, மருந்துப்போலியோடு ஒப்பிட்டபோது பலன் தெரியாததால் 2011-இல் தன் நாட்டுச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. இங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பன்றியின் மூளையிலிருந்து எடுக்கும் பெப்டைடுக் கலவையான செரிப்ரோலைசின், பக்கவாத நோயாளிகளுக்கு நம் நாட்டில் கணிசமாகச் செலுத்தப்படுகிறது. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, அது மரணத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்றும், கடுமையான பக்கவிளைவுகள் கூடக்கூடும் என்றும் கூறியது.

சட்டம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி ஒரு புதிய பொருளை இந்தியாவில் விற்க வேண்டுமானால் அது மருந்தாக ஆய்ந்து ஒப்புதல் பெற வேண்டும். துணை உணவாக விற்றால், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்று அட்டையில் அச்சிட வேண்டும். பெட்டியில் துணை உணவு, கைப்பேசிக் காணொலியில் சிறுநீரகச் சஞ்சீவி என்று இரண்டு நாக்கோடு பேசுபவர்களிடம்தான் சட்டம் தோற்றுப்போகிறது.

இவ்வளவையும் இரண்டாம் முறை போனபோது அண்ணனிடம் சொன்னேன். பாம்பின் கதையை மிகவும் ரசித்துக் கேட்டார். பிறகு, “அப்படியானால் இதை எப்படிச் சோதிப்பது? பட்டு என்றால் ஒரு இழையைக் கொளுத்தினால் தலைமுடி கருகும் நாற்றம் வரும். சரிகை என்றால் கருவியில் வைத்து வெள்ளி எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். இதற்கு என்ன கருவி?” என்று கேட்டார். நல்ல கேள்வி. வீட்டில் வைத்துப் பார்க்கும் கருவி எதுவும் இல்லை. எத்தனை பேருக்கு, எதோடு ஒப்பிட்டு, யார் சோதித்தார்கள் என்று கேட்பது ஒன்றுதான் வழி என்றேன். ‘எனக்குத் தெரிந்தவருக்குக் குணமானது’ என்பது அதில் சேராது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவருக்கு அந்தக் காணொலியை அனுப்பிய உறவினர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் சற்றுத் தயக்கத்தோடுதான்.

புறப்படும்போது, பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் கைப்பேசியில் மொழிபெயர்த்து அவருக்குப் படித்துக் காட்டினேன். கன்றுகளின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டது என்றிருந்தது. சனிக்கிழமை தவறாமல் வரதராஜப் பெருமாளைச் சேவிக்கிற, முட்டைகூடத் தொடாத மனிதர். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த இன்னொரு பெட்டியையும் எடுத்துவந்து திண்ணையில் வைத்தார்.

மறுநாள் காலை இருவருமாக அரசு மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்தார். கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லிவிட்டு, முடிவு வந்ததும் குறைந்த அளவில் எனலாப்ரிலைத் திரும்பத் தொடங்கினார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் கொடுக்க வேண்டும். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, அந்தப் பாம்பின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார் அண்ணன்.